லவோ முந்திரிகைத் தோட்டத்துல வீடு வீடா ஒரு நாள். நம்மட தயிர்ப் பட்டிக்கும் இப்பிடி ஒரு நாள் வெச்சா என்ன?

வாவிமகள் (களுவாஞ்சிகுடி)

எல்லாருக்கும் வணக்கம். போன புரட்டாசி மாசம் சுவிஸ்ல லொசான் பக்கம் இரிக்கிற தம்பிட வீட்ட போய் நிண்டுட்டு வந்தன். வந்து மாசக்கணக்காப் போயிட்டு, ஆனா அங்க கழிச்ச ஒரு சனிக்கிழமை மட்டும் மனசை விட்டுப் போகுதில்ல, எழுதத்தான் வேணும் எண்டு இரிந்தன், தவணைப் பரீட்சைப் பேப்பரெல்லாம் திருத்தி முடிஞ்சு இப்பதான் கை ஓய்ஞ்சிரிக்கு.

லொசானுக்குக் கிழக்கால லெமான் ஏரிக்கரையோட ஒரு மலைச்சரிவு, கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர் நீளம், லவோ எண்டு பேர். அடியில இருந்து உச்சி வரைக்கும் படிப்படியாக் கல்லுக்கட்டு, ஒவ்வொரு கட்டுலயும் அஞ்சாறு வரிசை முந்திரிகைக் கொடி (வைன் செய்ற திராட்சை), கீழ பாத்தா ஏரி, ஏரிக்கு அங்கால பிரான்ஸ் மலை. 11ம் நூற்றாண்டுல மடத்துத் துறவிமாரிட கையில இரிந்த காலத்துலயே கட்டத் தொடங்கினதாம், 2007ல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியல்ல சேத்திரிக்கு. நான் வைன் குடிக்கிற ஆள் இல்ல. தம்பிதான் "அக்கா நீங்க குடிக்க வேணாம், வந்து பாருங்க" எண்டு கூட்டிக்கொண்டு போனான். காரை வீட்டுல விட்டுட்டு கோச்சியிலதான் போனம், ஏனெண்டா அங்க ரத்தத்துல ஆயிரத்துக்கு 0.5 பங்கு மதுசாரம் வந்தாலே வண்டி ஓட்டேலாது. குல்லி எண்ட ஸ்டேசன்ல இறங்கி, தோட்டத்து நடுவால போற ஒடுக்க ரோட்டுல எப்பெஸ், ரிவா, சென் சஃபோரின் எண்டு ஊர் ஊரா நடந்தம்.

முதல் போன வீடு சின்னன். கீழ நிலவறை, மேல குடியிருப்பு. ஒரு வயசான அம்மாவும் அவட மகனும். அறுவடை நேரம், ரெண்டு பேருட கையும் பழச்சாறு ஒட்டிப் பிசுபிசுக்குது, எண்டாலும் வாசலுக்கு வந்து உள்ள கூப்பிட்டாங்க. சஸ்லா எண்டு ஒரு வெள்ளை முந்திரிகை, அங்க கூட அதுதான். அதுக்கெண்டு பெரிய வாசம் இல்ல, அதாலதான் மண்ணுட ருசியை மறைக்காமக் காட்டுமாம். அந்த மகன் ரெண்டு கிளாஸ்ல ஊத்தி வெச்சாரு, ஒண்டு வீட்டுக்கு மேல இரிக்கிற துண்டு, மற்றது ரோட்டுக்குக் கீழ இரிக்கிற துண்டு, ஒரே இனம், ஒரே வருசம், செஞ்சதும் ஒரே கை. நான் நாக்கு நனையிற அளவு எடுத்துப் பாத்துட்டுத் துப்பினன், துப்பிறதுக்கெண்டே வாளி வெச்சிரிக்கு, அங்க அது மரியாதைக்கேடு இல்ல. எனக்கே வித்தியாசம் விளங்கிச்சு. மேல் துண்டு கூர்மையா தேசிக்காய்ப் புளிப்பு, கீழ்த் துண்டு தடிப்பா, கடைசியில தேன் சாடை. மறுகா வெளிய கூட்டிக்கொண்டு போய் ரெண்டு துண்டுலயும் ஒவ்வொரு பிடி மண் அள்ளி என்ட ரெண்டு கையிலயும் வெச்சாரு. ஒண்டு கல்லும் மணலும், மற்றது களி. அந்த ஆள் ஒரு வார்த்தையும் பேசல்ல, மண்ணை வெச்சுட்டு என்ட முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாரு.

எங்களுக்கு மூணு சூரியன் எண்டு அங்கத்த ஆக்கள் சொல்றவங்க. வானத்துச் சூரியன் ஒண்டு, ஏரித் தண்ணியில பட்டுத் தெறிக்கிற வெயில் ஒண்டு, பகல் முழுக்கச் சூடு குடிச்சுட்டு இரவைக்கு விடுற கல்லுக்கட்டு மூணாவது. சரிவு செங்குத்து எண்டதால பழக்கூடை ஏத்த ஒற்றைத் தண்டவாளத்துல ஓடுற சின்ன மெசின் வெச்சிரிக்காங்க. அந்த அம்மா எனக்கு அப்ப பிழிஞ்ச சாறு, இன்னும் புளிக்காதது, ஒரு கிளாஸ் தந்தா. அந்த நாள்ல நான் முழுசாக் குடிச்சது அது ஒண்டுதான்.

ரிவாவுல ஒரு பெரிய இடம், 200க்கு மேல வைன் ஒரே கூரைக்குள்ள வெச்சிரிக்கு, கண்ணாடியும் வெளிச்சமும். எனக்கு அது ஒட்டல்ல, கால் மணித்தியாலத்துல வெளிய வந்துட்டம்.

ஆனா ஊருக்குள்ள ஒரு பொது நிலவறை பாத்தன், அதுக்குத்தான் இவ்வளவு எழுதுறன். அந்த ஊர்ல இரிக்கிற சின்னச் சின்னத் தோட்டக்காரர் எல்லாரும் சேந்து ஒரே ஒரு அறை வெச்சிரிக்காங்க, ஒவ்வொரு வார இறுதிக்கும் ஒவ்வொரு குடும்பம் முறை வெச்சுத் திறக்குது. இந்தக் கிழமை இவர், அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு உடனே நம்மட கோயில் திருவிழாதான் வந்துச்சு, ஒவ்வொரு குடிக்கும், அதாவது ஒவ்வொரு வம்சத்துக்கும், ஒரு நாள் எண்டு முறை வெச்சுச் செய்றமே, அதே ஒழுங்கு. அம்மம்மா உயிரோட இரிக்கக்க தயிரை ஒரு வாய் வெச்சுட்டு "மாடு காட்டால வந்துட்டு" எண்டு சொல்லுவா. அவக்கும் அந்த மண் அள்ளித் தந்த மகனுக்கும் தெரிஞ்சது ஒரே விசயம்.

நான் கேக்கிறது இதுதான். வாவிக்கு மேற்கால, படுவான்கரையில அஞ்சாறு பட்டிக்காரர் முறை வெச்சு, விடிய ஆக்களை வரச்சொல்லி, பால் கறக்கிறதுல இருந்து காட்டி, அவங்கட தயிரை அவங்கட கையாலயே தந்தா எப்பிடி இரிக்கும்? ஆராவது இதுல இறங்க ஏலுமா?

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)

டீச்சர் வாசிச்சன், ரெண்டு தரம் வாசிச்சன். எங்க வீட்டுல மூணு தலைமுறையா எருமைப் பட்டி, அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றன்.

உங்கட அம்மம்மா சொன்னது சரி. மாரிப் போகத்துக்கு வட்டைக்குள்ள விதைப்பு நடக்கிற காலம் மாடு வயல் பக்கம் நிக்கேலாது, மேய்ச்சல் தரைக்குக் கொண்டு போயிடுவம், வேளாண்மை வெட்டி முடிஞ்ச பிறகுதான் திருப்பிக் கொண்டு வந்து வைக்கோல் அடியில மேய விடுறது. காட்டுல திங்கிறது வேற, வயல்ல திங்கிறது வேற. காட்டுத் தயிர்ல ஒரு மெல்லிய கசப்பு வாசம் வரும், வயலுக்கு வந்தா அது போய் இனிப்பாகும், எங்க வீட்டுல எல்லாருக்கும் இது தெரியும், வாங்கிற ஆக்கள்தான் ஒருநாளும் கேட்டதில்ல. அந்த மேய்ச்சல் தரைக்கே இப்ப பிரச்சினை. மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மாடு கொண்டு போற பண்ணையாளர் 2023 செப்டம்பர்ல இருந்து சித்தாண்டியில ரோட்டோரம் குந்திப் போராடினதை எல்லாரும் பாத்திருப்பீங்க. தரை இல்லாட்டி பட்டி இல்ல, பட்டி இல்லாட்டி தயிர் இல்ல, அதையும் வாற ஆக்களுக்குச் சொல்லத்தான் வேணும்.

தயிர் செய்றது லேசு எண்டு நினைக்கிறாங்க. விடிய நாலு மணிக்குக் கண்டை விட்டுப் பால் சுரக்க வெச்சுக் கறக்கணும், எருமைப் பால்ல கொழுப்பு 7, 8 வீதம் கிட்ட, பசுப்பால் அதுல பாதிதான், அதாலதான் எருமைத் தயிர் கத்தியால வெட்டுற மாதிரி நிக்குது. பாலைக் கொதிக்க வெச்சு இறக்கி, விரலை விட்டா பொறுக்கிற சூட்டுல முதல் நாள் தயிரை உறையா விட்டு, உடனே சட்டியில ஊத்தி அசைக்காம மூடி வெக்கணும், அசைஞ்சா தண்ணி விட்டிரும். மண் சட்டிதான் பாதி வேலை. சட்டி தண்ணியைக் குடிச்சு வெளிய விடுற நேரம் தயிர் தானா இறுகுது, சட்டி குளுந்து இரிக்குது. பிளாஸ்டிக்ல ஊத்தினா ஒருநாளும் அந்த இறுக்கம் வராது.

எங்கட கவலை என்னெண்டா விடிய ஏழு மணிக்கு வியாபாரி லொறி கொண்டு வந்து எல்லார்ட சட்டியையும் ஒண்டா ஏத்திக்கொண்டு போறாரு, ரோட்டுக்கரையில போய் நிண்டா எந்தச் சட்டி ஆருட எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தண்ணி கலந்த தயிரும் எங்கட தயிரும் ஒரே விலை. நல்லாச் செய்றவனுக்கு அதால ஒரு சதம் கூட வாறதில்ல டீச்சர். எங்க அப்பா நாப்பது வருசம் ஒரே மாதிரிச் செஞ்சாரு, அவர்ட தயிரைத் திண்ட ஒரு ஆளுட முகத்தைக் கூட அவர் பாத்ததில்ல. நீங்க எழுதினதை அவருக்கு வாசிச்சுக் காட்டினன், "வரச்சொல்லு" எண்டு மட்டும் சொன்னாரு.

பேர்ண் மருமகன் (சுவிஸ்)

அக்கா அழகா எழுதியிருக்கிறீங்க. நான் 20 வருசமா இங்க, லவோவுக்குப் பல தரம் போயிருக்கிறன். ஒரு விசயம் கூட்டிச் சொல்றன். லவோ இருக்கிற வோ மாநிலம் முழுக்க பெந்தகோஸ்தே வார இறுதியில தோட்டக்காரர் எல்லாரும் நிலவறையைத் திறந்து விடுவினம், அண்டைக்குச் சனம் நெரியும், பேச நேரம் கிடைக்காது. நீங்க போன மாதிரி சும்மா ஒரு சனிக்கிழமை போறதுதான் நல்லது, ஆனா அறுவடை நேரம் முதலே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டுப் போகவேணும், அவையளுக்கு வேலை தலைக்கு மேல.

இன்னொண்டு. சுவிஸ் வைன்ல நூற்றுக்கு ஒண்டு ரெண்டு பங்குதான் வெளிநாட்டுக்குப் போகுது, மிச்சம் எல்லாம் உள்ளூர்லயே முடியும். அதால அந்தச் சின்ன வீடுகளுக்கு வாசலுக்கு வாற ஆக்கள் பெரிய பலம். படுவான்கரைத் தம்பி, உங்கட அப்பாவும் லொறியை உடனே விட வேண்டாம், பத்துச் சட்டியை மட்டும் வாசலுக்கு எண்டு ஒதுக்கிப் பாருங்கோ. போற ஆக்களும் ஒண்டு மனசில வச்சிருக்கோணும், வீட்டுக்குள்ள போய் ருசி பாத்தா ஒரு போத்தலாவது வாங்காம வாறது இங்க வழக்கமில்ல.

அக்கரைப்பற்று காக்கா

டீச்சர், எங்கட ஆக்களுக்கு வைன் ஆகாது, ஆனா நீங்க அந்தப் புளிக்காத சாறு குடிச்ச இடத்தை வாசிச்சுட்டு எனக்கும் அந்த மலையைப் பாக்க ஆசையாப் போச்சு. தயிர் எண்டா கேக்கவே வேணாம், எங்கட கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்கு மறுகா தயிரும் வாழைப்பழமும் சீனியும் இல்லாட்டி விருந்தே இல்ல. வாப்பாட காலத்துல சாகாமம் பக்கம் பட்டி வெச்சிருந்த தமிழ் ஆக்கள்ட்டதான் எங்க வீட்டுக்குத் தயிர் வரும், வாப்பா மௌத்தானப்ப அவங்கட மகன் மையத்துக்கும் வந்தவரு.

நடத்துறது எண்டா சில விசயம் பாக்கணும். பொண்டு புள்ளையோட வாறவங்களுக்குக் கழிப்பறை வேணும், கை கழுவ நல்ல தண்ணி வேணும், லுஹர் தொழுறதுக்கு ஒரு நிழல் இடம் இருந்தாப் போதும். விடிய நாலு மணி எண்டா அக்கரைப்பற்றுல இருந்து ரெண்டு மணிக்குக் கிளம்பணும், அது புள்ளைகளுக்குச் சரிவராது, ரெண்டாவது நேரம் ஏதும் இரிக்கா?

பாளை (செங்கலடி)

எல்லாரும் தயிரைப் பத்திக் கதைக்கிறீங்க, நான் கொஞ்சம் மாறிச் சொல்றன், கோவிக்க வேணாம். வைனுக்கு நம்மட ஊர்ல நேர் சொந்தம் கள்ளுதான். என்ட அப்பா தென்னை சீவினவரு. விரியாத பாளையைக் கட்டித் தட்டி நுனி சீவி விட்டா வடியிறது வெறும் இனிப்புத் தண்ணி, காத்துல இரிக்கிற ஈஸ்ட்டே விழுந்து சில மணித்தியாலத்துல தானாப் புளிச்சிரும், விடிய ஒரு ருசி, மத்தியானம் ஒரு ருசி, அடுத்த நாள் வினாகிரி. கடற்கரை மணல்ல நிக்கிற தென்னைக்கும் வாவிக்கரைத் தென்னைக்கும் ருசி வேற எண்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாரு. அந்தச் சுவிஸ்காரன் மண் அள்ளிக் குடுத்தது பெரிய விசயம் எண்டா எங்கட அப்பாக்கு அது எழுத வாசிக்கத் தெரியாமலே தெரிஞ்சிருந்துச்சு. வாகரைப் பக்கம் மரமுந்திரிகைப் பழம் (கஜுப் பழம்) எவ்வளவு விழுந்து அழுகுது, கோவாவுல அதுல இருந்து ஃபெனி எண்ட சாராயம் வடிச்சு 2009ல புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க. நாம ஏன் செய்யேலா?

ஆரையம்பதி அக்கா

தம்பி பாளை, உங்கட அப்பாட தொழிலுக்கு மரியாதை இரிக்கு, அதுல சந்தேகப்படாதீங்க. ஆனா 1912ம் ஆண்டு மதுவரிக் கட்டளைச்சட்டம் இண்டைக்கும் நிக்குது, லைசன்ஸ் இல்லாம மரம் சீவவும் ஏலா, வீட்டுல எதையும் புளிக்க வெச்சு விக்கவும் ஏலா, ஃபெனி மாதிரி வடிக்கிறதெண்டா கேக்கவே வேணாம். சட்டத்தை விடுங்க. நான் படுவான்கரைக் கிராமங்கள்ல பெண்கள் சங்கத்து வேலை செஞ்சனான், கசிப்பால, அந்தக் கள்ளச் சாராயத்தால அழிஞ்ச வீடுகளுக்குள்ள போய் இருந்து கதைச்சனான். நாள் கூலி வீட்டுக்கு வராம போற வழியிலயே முடியிற ஊர்ல "ருசி பாக்க வாங்க" எண்டு கள்ளை வெக்க எனக்கு மனசு வராது. லவோவுல துப்பிற வாளி இரிக்கு, இங்க அந்த வாளி இல்ல.

பாளை (செங்கலடி)

அக்கா நீங்க சொல்றது வலிக்குது, ஆனா பொய் இல்ல. கசிப்பும் கள்ளும் ஒண்டில்ல எண்டு நான் இப்பவும் சொல்லுவன், அதை விட்டுக்குடுக்க மாட்டன். சரி, முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிக் கட்டினா புளிக்காது, இனிப்பாவே இறங்கும். பனையோ தென்னையோ, லைசன்ஸ் இரிக்கிற ஆள்ட்ட இருந்து அந்த இனிப்பு நீரை மட்டும் கொண்டு வந்தா உங்களுக்குச் சம்மதமா? சீவிற ஆளும் ஒருக்கா சனத்துக்கு முன்னால நிண்டு தன்ட தொழிலைச் சொல்லட்டும்.

ஆரையம்பதி அக்கா

அதுக்கு முழுச் சம்மதம். நானும் வருவன்.

வாவிமகள் (களுவாஞ்சிகுடி)

காக்காட கேள்விக்குப் படுவான்கரையான் தனியா மெசேஜ் போட்டவரு, பின்னேரமும் பட்டி திரும்பி வரும், அப்ப உறை விடுறதைக் காட்டலாம் எண்டு. அப்ப சின்னப் புள்ளைகளோட வாறவங்க பின்னேரம், மற்ற ஆக்கள் விடிய. முதல் தரம் பன்னிரண்டு பேருக்கு மேல வேணாம். மட்டக்களப்பால வாறவங்க மண்முனைப் பாலத்தால வந்தாச் சுகம், களுவாஞ்சிகுடி ஆக்கள் பட்டிருப்புப் பாலத்தால சுத்தி வாங்க. நேரம் இரிக்கிறவங்க திரும்பக்க குருமண்வெளிப் பாதையில (வாவி கடக்கிற மிதவையில) ஏறுங்க, மண்டூர்ல இருந்து அந்த வாவியைக் கடக்கிறதே தனி சுகம்.

வாவிமகள் (களுவாஞ்சிகுடி)

போயிட்டு வந்துட்டம். நேத்து ஞாயிற்றுக்கிழமை. படுத்து எழும்பின உடனே எழுதுறன்.

இருட்டோட போய்ச் சேந்தம். பட்டிக்குள்ள மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது, மாடு கண்ணுக்குத் தெரியல்ல. படுவான்கரையான்ட அப்பா டோர்ச் அடிக்க விடல்ல, மாடு மிரண்டாப் பால் ஒளிக்குமாம், அவர் ஒவ்வொண்டையும் பேர் சொல்லிக் கூப்பிட அது அது எழும்பி வருது. கறந்த பாலைக் காய்ச்சி இறக்கி, சூடு பாக்க எங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா விரலை விடச் சொன்னாரு, எனக்குச் சுட்டுது, அவர் "இன்னும் பத்து நிமிசம்" எண்டாரு, பத்து நிமிசம் கழிச்சுப் பாத்தா அந்தச் சூடு குழந்தையைக் குளிப்பாட்டுற தண்ணிச் சூடுதான்.

மறுகா மூணு வீட்டுத் தயிர், முதல் நாள் உறைஞ்சது, வாழையிலையில வரிசையா வெச்சாங்க. பாணியும் இல்ல, சீனியும் இல்ல, முதல் வாய் வெறும் தயிர். மூணும் மூணு மாதிரி. ஒரு வீட்டு மாடு இன்னும் காட்டுப் பக்கம், மற்ற ரெண்டும் வயலுக்கு வந்துட்டு. அம்மம்மா சொன்ன அந்த ருசியை நான் அம்பது வயசுலதான் முதல் தரமா விளங்கிச் சாப்பிட்டன், கண் கலங்கிப் போச்சு. பாளைத் தம்பி கொண்டு வந்த தென்னம் இனிப்பு நீரை ஆரையம்பதி அக்காதான் முதல் வாங்கிக் குடிச்சா. காக்கா குடும்பம் பின்னேரம் வந்து இருட்டும் வரைக்கும் நிண்டாங்க, அவர்ட சின்ன மகள் ஒரு எருமைக் கண்டை விட்டு வரமாட்டன் எண்டு அழுதுச்சு.

குறைபாடும் இரிக்கு. கை கழுவத் தண்ணி காணல்ல, ஒரு பீப்பா வாங்கி வெக்கணும். வேன் நிப்பாட்ட இடமில்லாம வரம்பு கொஞ்சம் உடைஞ்சு போச்சு, அதை நம்மட ஆக்கள் நிண்டு கட்டிக் குடுத்துட்டுத்தான் வந்தம்.

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை)

பதினெட்டுச் சட்டி வாசல்லயே போச்சு. அப்பா இரவு முழுக்கக் கதைச்சுக்கொண்டே இரிந்தாரு. ஆர் என்ன சொன்னாங்க, எந்த அம்மா ரெண்டாந்தரம் கேட்டா எண்டு.

இன்னொரு விசயம். விடிய எழும்பி அவர் சட்டி செய்ற ஆள்ட்டப் போயிட்டாரு. மாட்டுக்குச் சுடுற எங்கட குறி இரிக்கே, தாத்தா காலத்துக் குறி, அதைச் சட்டி காயிறதுக்கு முன்னால அடிப்பக்கம் கீறித் தரச் சொல்லிக் கேட்டிரிக்காரு. மற்ற ரெண்டு வீட்டுக்காரரும் தங்கட குறியைக் கடதாசியில கீறிக் குடுத்து விட்டிரிக்காங்க. இருவது சட்டி சுட்டு வர ரெண்டு கிழமை ஆகும். அடுத்த முறை நடு வீட்டுக்காரர்ட முறை, வாறவங்க இங்க பேரைப் போடுங்க, பின்னேரத்துக்கா விடியவா எண்டும் சொல்லுங்க.